சுண்ணக்கட்டி தேய்த்த பெயர்

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கான பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு, தொடங்கினால் போதும், கூடவே ஓர் ஒப்பாரியும் தொடங்கிவிடும். லிங்கன் எங்கே, இந்த ஆட்கள் எங்கே! அந்தக் காலத்தில் மலை மலையாக மனிதர்கள் நின்றார்கள், இப்போது மேடைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் பெருமூச்சுதான் வருகிறது என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குச் சொல்லி வருகிறது. நம் ஊர் தேநீர்க் கடைகளில் காமராஜரை வைத்து நடக்கும் பேச்சை அமெரிக்கப் பெயர்களோடு கேட்பதுபோல இருக்கும்.

ஆனால் அன்றைக்குக் கேண்டிடேட் என்று அழைக்கப்பட்டவர் செய்த வேலை வேறு, இன்றைக்கு அதே பெயரோடு அலைகிறவர் செய்யும் வேலை வேறு. பெயர் மட்டும் ஈராயிரம் ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. ஆளை எடைபோடும் முன் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ரோமக் குடிமகனின் மேலாடை டோகா. சாயமிடாத கம்பளி, அதனால் சற்று மங்கிய நிறம். பதவி கேட்டு வருபவர் மட்டும் அதன்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக்கிக்கொண்டு பொதுமன்றத்துக்கு வருவார். கூட்டத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்தப் பளபளப்பான ஆடை டோகா கண்டிடா. அதைப் போர்த்தியவர் கண்டிடாட்டுஸ். ஒளிர்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. மெழுகுவர்த்தியைக் குறிக்கும் கேண்டில் இதற்கு உடன்பிறப்பு, ஒளிவுமறைவில்லாத பேச்சைக் குறிக்கும் கேண்டிட் இன்னொன்று. வடமொழிச் சந்திரனும் தூரத்து உறவுதான். ஒளிவுமறைவின்மையும் தேர்தலில் நிற்பவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதைச் சொல்லிச் சிரிக்காத ஆங்கில ஆசிரியர் குறைவு.

இந்த வெள்ளைக்கும் ஒருமுறை தடை வந்தது. பதவி கேட்பதற்காக யாரும் ஆடையில் வெள்ளை சேர்க்கக் கூடாது என்று கி.மு. 432-இல் மக்கள் தரப்பு ட்ரிப்யூன்கள் சட்டம் கொண்டுவந்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இப்போது பார்த்தால் அற்ப விஷயம், அப்போதோ மேட்டுக்குடிக்கும் பொதுமக்களுக்கும் இடையே பெரிய மல்லுக்கட்டாகிவிட்டது என்று அவரே வியக்கிறார். சட்டம் இருந்த இடம் தெரியவில்லை, வெள்ளை மட்டும் நூற்றாண்டுகளாக நிலைத்தது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இன்னொன்று சொல்கிறார். பழைய காலத்தில் பதவி கேட்பவர்கள் உள்ளாடை இல்லாமல் டோகாவை மட்டும் சுற்றிக்கொண்டு வருவார்களாம். போர்த் தழும்புகளைக் காட்டுவதற்காக இருக்கலாம், மடியில் லஞ்சப்பணம் மறைத்து வரமுடியாது என்பதற்காகவும் இருக்கலாம் என்று இரண்டு காரணங்களையும் தருகிறார். இரண்டாவதைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

அந்த வெள்ளை ஆடைக்காரர் சும்மா நிற்கவில்லை, சுற்றினார். சுற்றி வருதல் என்பதற்கான லத்தீன் சொல்தான் அம்பிட்டியோ. வாக்குக்காகத் தெருத்தெருவாக அலைவதைச் சொன்ன அந்தச் சொல், பிற்பாடு ஆங்கிலத்தில் பேராசை, பெருவிருப்பம் என்னும் பொருளுடைய அம்பிஷன் ஆனது. அதே வேரில் பிறந்த அம்பிட்டுஸ் ஒரு குற்றத்தின் பெயர்: வாக்குக்குப் பணமும் விருந்தும் கொடுத்தல். கி.மு. 63-இல் ரோமின் உச்சப் பதவியான கான்சலாக இருந்த சிசரோ இந்தக் குற்றத்துக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் என்று சட்டத்தைக் கடுமையாக்கினார். அதே ஆண்டு, அதே குற்றம் சாட்டப்பட்ட மூரேனாவுக்காக வழக்காடி விடுதலையும் வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு முந்திய ஆண்டு சிசரோவே கண்டிடாட்டுஸ். அவர் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கான்சல் ஆனதில்லை. தம்பி குவிண்டுஸ் அண்ணனுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு யோசனைக் கையேடு இன்றும் கிடைக்கிறது. தம்பிதான் எழுதினாரா என்பதில் சச்சரவு உண்டு. ஆனால் எழுதியவர் தேர்தலைக் கரைத்துக் குடித்தவர். ஆட்களைப் பெயர் சொல்லி அழை, உன்னைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கட்டும், யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லாதே, பின்னால் செய்யாமல் விட்டால் வருகிற கோபத்தைவிட இப்போது மறுத்தால் வருகிற கோபம் பெரிது என்கிறது கையேடு. எதிரில் வருபவரின் பெயரைக் காதில் ஓதுவதற்கென்றே நோமென்கிளாட்டர் என்ற அடிமை கூடவே நடந்தான்.

தமிழ் இதே ஆளுக்குப் பெயர் வைத்தபோது ஆடைப் பக்கமே போகவில்லை. வேள் என்றால் விரும்பு. வேட்கை, வேட்டல் எல்லாம் அந்தக் குடும்பம். திருக்குறளின் சொல்வன்மை அதிகாரத்தில் கேளாதவரும் விரும்பும்படி பேசுவதைச் சொல்லும் இடத்திலும் இந்த வேர்தான் நிற்கிறது. அங்கே விரும்பவேண்டியவர் கேட்பவர். தேர்தலுக்கு வந்ததும் விருப்பம் பேசுகிறவர் பக்கம் மாறி, அவர் வேட்பாளர் ஆனார். முந்திய தலைமுறைச் செய்தித்தாள்களில் அவர் அபேட்சகர். அதுவும் வடமொழியில் விருப்பம்தான். சிங்களம் இன்றுவரை அபேக்ஷக என்றே சொல்கிறது. தமிழகக் கட்சிகளில் இன்னொரு படியும் உண்டு. கட்டணம் கட்டி விருப்ப மனு கொடுக்கவேண்டும், நேர்காணலுக்கு உட்காரவேண்டும், பிறகு தலைமை பட்டியல் வெளியிடும், அதன் பிறகே தேர்தல் அதிகாரியிடம் வேட்பு மனு. ஒரே ஆள் ஒரே ஆசையை இரண்டு முறை எழுதிக் கொடுக்கிறார். அமெரிக்கர்கள் ஊரறியத் தெருவில் நடத்தும் பிரைமரிக்கு நம்மிடம் ஈடாக இருப்பது அந்த நேர்காணல் அறை.

அந்த அமெரிக்கர்களின் முதல் தலைமுறைக்கோ விருப்பம் என்ற சொல்லே ஆகாது. ரோமக் குடியரசைப் படித்து வளர்ந்தவர்கள், செனட் முதல் கேப்பிட்டல் வரை அங்கிருந்தே பெயர்களை எடுத்தவர்கள், கேண்டிடேட் என்ற பெயரையும் தயங்காமல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் சுற்றி வருவது மட்டும் கூடாது. பதவிதான் ஆளைத் தேடி வரவேண்டும், ஆள் பதவியைத் தேடிப் போனால் அதுவே அவருடைய தகுதியின்மைக்குச் சான்று. ஆங்கிலேயர் மரபுப்படி அவர்கள் தேர்தலில் நின்றார்கள். நாமும் இன்றுவரை நிற்கிறோம்.

நிற்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதல்ல. 1758-இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் நின்றபோது அவர் ஊரிலேயே இல்லை, படையோடு எல்லையில் இருந்தார். அவர் சார்பாக நண்பர்கள் வாக்காளர்களுக்கு ஊற்றிய ரம், ஒயின், பீர் வகையறா ஏறத்தாழ 160 காலன். வாஷிங்டன் வென்றார். டோகா அழுக்காகவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் அதிபர் வேட்பாளர்கள் இந்த நாடகத்தை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். கட்சியின் தேசிய மாநாடு கூடும்போது வேட்பாளர் அங்கே இருக்கக் கூடாது. மாநாடு முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு குழு அவர் வீட்டுக்கு வந்து, தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று முறைப்படி அறிவிக்கும். நாடு முழுக்கத் தெரிந்த செய்தியை அவர் அப்போதுதான் கேள்விப்படுவதுபோல வியந்து ஏற்றுக்கொள்வார். 1932-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விமானமேறி சிகாகோ மாநாட்டுக்கே வந்து ஏற்புரை சொன்ன பிறகுதான் இந்தச் சடங்கின் பல் விழுந்தது.

1860-இல் சிகாகோவில் மூன்றாம் சுற்று வாக்கெடுப்பில் லிங்கன் தேர்வானபோது அவர் தன் ஊரான ஸ்பிரிங்பீல்டில் இருந்தார். தேர்தல் முடியும்வரை பிரசாரத்துக்கென்று எங்கும் போகவில்லை. விருப்பம் இல்லாமலா? அந்த வசந்தத்தில் செனட்டர் டிரம்புலுக்கு எழுதிய கடிதத்தில், பதவியின் ருசி நாவில் கொஞ்சம் தட்டுகிறது என்ற பொருளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்காக மாநாட்டில் பேரம் நடத்த டேவிட் டேவிஸ் இருந்தார். எதிரணியின் ஸ்டீபன் டக்ளஸ் மரபை மீறி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஆனால் பேசத்தான் போகிறேன் என்று சொல்லத் துணிவில்லை. நியூயார்க்கில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றார். அம்மா வீட்டுக்குப் போகும் வழி ஏன் இத்தனை மாநிலங்களைச் சுற்றுகிறது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் காணாமல்போன குழந்தைக்கான அறிவிப்புப்போல நோட்டீஸ் அடித்துக் கேலி செய்தார்கள்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தவர் ஹொரேஷியோ சீமோர். 1868-இல் நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தலைவர் அவர். மேடையில் இருந்துகொண்டே வேண்டாம் வேண்டாம் என்கிறார். 22-ஆம் சுற்றில் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். நியூயார்க் ஆளுநராக இரண்டு முறை இருந்த மனிதர் அழுததாகச் சொல்கிறார்கள். பதவிகளை மறுப்பதிலேயே பெயர் வாங்கியவர் கடைசியில் வேட்பாளராகி, கிராண்டிடம் தோற்றார். வேட்பே இல்லாத வேட்பாளர் என்று தமிழில் சொன்னால் சொல்லே சிரிக்கிறது. 1880-இல் கார்பீல்டு இன்னொருவருக்காகப் பரிந்துபேசப் போன இடத்தில் 36-ஆம் சுற்றில் தானே தேர்வானார். அவர் எதிர்ப்பு தெரிவித்ததும் பதிவில் இருக்கிறது. எவ்வளவு உரக்க என்பதை அவரவர் ஊகிக்கலாம்.

இப்படி விருப்பத்தை மறைத்தால் யாராவது வேறொருவர் அந்த ஆளைப் பொறுக்கி எடுக்கவேண்டுமே. அந்தப் பொறுக்குதலின் பெயர்தான் காகஸ். போஸ்டனில் டாம் டாஸ் என்பவர் வீட்டு மேல்மாடியில் கூடும் காகஸ் கிளப் பற்றி ஜான் ஆடம்ஸ் 1763 பிப்ரவரியில் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாத அளவுக்குப் புகையிலைப் புகை, அதற்குள்ளேயே ஊர்ப் பதவிகளுக்கான ஆட்களை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார்கள் என்கிறார். சொல் எங்கிருந்து வந்தது? அல்கோங்கியன் பழங்குடி மொழியில் ஆலோசகரைக் குறிக்கும் சொல் என்று ஒரு தரப்பு, மதுக்கிண்ணத்தைக் குறிக்கும் லத்தீன் என்று ஒரு தரப்பு, கப்பல் இடுக்கடைக்கும் தொழிலாளர் பெயரின் திரிபு என்று ஒரு தரப்பு. சண்டை ஓயவில்லை. புகை மட்டும் ஓயாமல் தொடர்ந்தது. 1920-இல் சிகாகோவின் பிளாக்ஸ்டோன் ஓட்டலில் வாரன் ஹார்டிங்கை முடிவு செய்த அறைக்கும் புகை நிரம்பிய அறை என்றே பெயர் நின்றுவிட்டது.

அந்த அறைகளிலிருந்து லிங்கனும் வந்தார். 1852-இல் 49-ஆம் சுற்றில் பிராங்க்ளின் பியர்ஸும் வந்தார், ஹார்டிங்கும் வந்தார். பழைய முறையைப் புகழ்கிறவர்கள் முதல் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 1924-இல் ஜனநாயகக் கட்சி 103 சுற்று வாக்கெடுத்து ஜான் டேவிஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. இன்று அமெரிக்கர்களிலேயே எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? அரசியலுக்கே வெளியிலிருந்து திடீரென்று வருகிறவர்களைப் பிரைமரிதான் உண்டாக்கியது என்பதும் பாதி உண்மை. எந்தப் பதவியும் வகித்திராத, சற்று முன்புவரை எதிர்க்கட்சியில் இருந்த தொழிலதிபர் வெண்டல் வில்கியை 1940-இல் குடியரசுக் கட்சிக்கு வேட்பாளராகக் கொடுத்தது மாநாடுதான், ஆறாம் சுற்றில்.

19-ஆம் நூற்றாண்டிலேயே நிற்பது ஓடுவதாயிற்று. அமெரிக்க ஆங்கிலம் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து சொற்களை வாரிக்கொண்டது. 1844-இல் ஒன்பதாம் சுற்றில் திடீரென்று முளைத்த ஜேம்ஸ் போல்க் போன்றவர்களுக்குக் கருங்குதிரை என்று பெயர் வந்தது. அந்தத் தொடரை 1831-இல் தன் நாவலில் ஒரு பந்தயக் காட்சியில் எழுதியவர் பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான டிஸ்ரேலி. துணை அதிபர் வேட்பாளரை இன்றும் ரன்னிங் மேட் என்கிறார்கள். ஒரே லாயத்து நட்சத்திரக் குதிரை வெல்வதற்காகக் கூட ஓடவிடும் குதிரைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். சில துணை அதிபர்களை நினைத்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

1896-இல் இரண்டு பழக்கங்களும் நேருக்கு நேர் மோதின. ஜனநாயகக் கட்சியின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ரயிலில் 18,000 மைல் ஓடினார். குடியரசுக் கட்சியின் மெக்கின்லி ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் ஊரில் தன் வீட்டு முன்தாழ்வாரத்திலேயே நின்றார். ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் ரயிலேறி வந்து கேட்டார்கள். நம் திண்ணைப் பிரசாரத்தில் தலைவர் வாக்காளர் வீட்டுத் திண்ணைக்குப் போவார், அங்கே வாக்காளர் தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போனார். நின்றவர்தான் வென்றார்.

இனி பிரைமரி. முதல் என்று பொருள்படும் லத்தீன் பிரைமுஸ்தான் வேர். 19-ஆம் நூற்றாண்டில் அது ஒரு தேர்தல்கூட அல்ல. வட்டச் செயலாளர் அளவில் கூடும் கட்சிக் கூட்டம், மேல்மட்ட மாநாட்டுக்குப் பேராளர் அனுப்பும் முதல் படி. அதைப் பெட்டியும் சீட்டுமாக மக்கள் கையில் கொடுக்கவேண்டும் என்று போராடியவர்களில் முதன்மையானவர் விஸ்கான்சினின் ராபர்ட் லா பாலட். 1904-இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து நேரடிப் பிரைமரிச் சட்டத்தை ஏற்றார்கள். மக்களுக்கு என்று சொன்னபோது தெற்கு மாநிலங்களில் அது எல்லா மக்களுக்கும் அல்ல. ஜனநாயகக் கட்சியில் வென்றால் பதவி உறுதி என்றிருந்த அந்த மாநிலங்களில் கட்சிப் பிரைமரியில் கறுப்பர்களைச் சேர்க்காமல் விட்டால் அவர்களுடைய வாக்கே செல்லாக்காசு. டெக்சாஸ் 1923-இல் அதைச் சட்டமாகவே எழுதியது. வெள்ளைப் பிரைமரி என்றுதான் அதற்குப் பெயர். 1944-இல் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. சுண்ணக்கட்டி வெள்ளையைப் பற்றி எழுதும்போது இந்த வெள்ளையைத் தாண்டிப் போகமுடியாது. பழைய தலைமுறை வேட்பாளர்களின் மாண்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

1912 பிப்ரவரியில் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், என் தொப்பி களத்தில் விழுந்துவிட்டது என்றார். குத்துச்சண்டைக் களத்துக்குள் தொப்பியை எறிந்து சவால் விடும் வழக்கம் அது. விருப்பத்தை ஊரறியச் சொல்லும் புது மரபு அதோடு வந்தது. அவ்வாண்டு பிரைமரிகளில் பெரும்பாலானவற்றை, அதிபர் பதவியிலிருந்த டாப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவையும் சேர்த்து, அவர் வென்றார். மாநாடு டாப்டைத் தேர்ந்தெடுத்தது. பிரைமரி அப்போது மக்களின் மனதை அறிந்துகொள்ளும் ஏற்பாடு, அவ்வளவே. 1952-இல்கூட நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியை வென்ற ஐசன்ஹோவர் அந்த மாநிலத்துக்கு வரவேயில்லை, பாரிசில் நேட்டோ தளபதியாக உட்கார்ந்திருந்தார். அவருக்காக வேலை பார்த்த ஹென்றி கேபட் லாட்ஜ் 1964-இல் சைகோனில் தூதராக இருந்தபடியே, வாக்குச்சீட்டில் அச்சிடப்படாத தன் பெயரை மக்கள் கையால் எழுதிப் போட அதே பிரைமரியை வென்றார். வாஷிங்டனின் வழி, ரம் மட்டும் இல்லை.

அந்த உலகம் 1968-இல் முடிந்தது. மார்ச் 31 அன்று ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார், ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ வீதியில் போலீஸ் தடியடி நடக்க, மாநாட்டு அரங்குக்குள் ஒரு பிரைமரியிலும் இறங்காத துணை அதிபர் ஹம்ப்ரி வேட்பாளரானார். கட்சிக்கே வெட்கமாகிவிட்டது. கட்சி அமைத்த மக்கவர்ன்-பிரேசர் குழு விதிகளை மாற்றி எழுதியது, மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரைமரிக்கு மாறின. 1976-இல் ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர், நாட்டில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாத ஜிம்மி கார்ட்டர், ஐயோவாவில் வீடு வீடாகக் கைகுலுக்கி மேலே வந்தார். சுற்றி வருதல், அதாவது அம்பிட்டியோ, முழு உரிமையோடு திரும்பிவிட்டது.

ஆகவே இன்றைய பிரைமரி வேட்பாளரை லிங்கனோடு நிறுத்திப் பார்ப்பது சரியான அளவல்ல. அவர் குவிண்டுஸின் கையேட்டில் வரும் ஆள். கைகுலுக்குகிறார், பெயர் சொல்லி அழைக்கிறார், நோமென்கிளாட்டரின் இடத்தில் கைப்பேசி வைத்த உதவியாளர். தழும்பைக் காட்டவேண்டும் என்பதால் வறுமை, நோய், இழப்பு என்று தன் வாழ்க்கைக் கதையைத் திறந்து வைக்கிறார். 2015 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி 17 பேரை ஒரே மேடையில் நிறுத்த முடியாமல், பத்துப் பேருக்கு இரவும் ஏழு பேருக்கு மாலையும் என்று விவாதத்தைப் பிரித்தது. 2019 ஜூனில் ஜனநாயகக் கட்சி இரண்டு இரவுகளில் 20 பேரை ஏற்றியது. மேடை ஏறக் கருத்துக் கணிப்பில் ஒரு சதவீதம் காட்டவேண்டும், இல்லையேல் 65,000 பேரிடம் நன்கொடை பெற்றிருக்கவேண்டும். ஒரு டாலர் கொடுத்தாலும் தலை ஒன்றுதான் கணக்கு என்பதால், வேட்பாளர்கள் டாலரைவிடத் தலைகளைத் துரத்தினார்கள். ஆட்சி செய்யும் திறமைக்கும் இந்தத் துரத்தலுக்கும் தொடர்பு குறைவு என்பது என் எண்ணம். புகை அறையில் பேரம் பேசும் திறமைக்கும் ஆட்சிக்கும் கொஞ்சமாவது தொடர்பு இருந்தது, ஏனென்றால் அதிபரான பிறகும் செனட்டர்களோடு அதே பேரம்தான். அறையின் கதவைத் திறந்தது சரி. திறந்தபோது உள்ளிருந்த ஒரு பயனும் வெளியே போய்விட்டது.

அமெரிக்கப் பத்திரிகைகளை விட்டால் கேண்டிடேட்ஸ் என்ற சொல் சென்னைக்காரர் வாயில் அதிகம் புழங்குவது சதுரங்கத்தால்தான். உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவர் யார் என்று தீர்மானிக்கும் போட்டி, ஆக அதுவும் ஒரு பிரைமரி. 2024 ஏப்ரலில் டொரண்டோவில் 17 வயது குகேஷ் அதை வென்றார். அங்கே சுண்ணக்கட்டிக்கு வேலையில்லை.

அதே ஆண்டின் அரசியல் பிரைமரியிலும் நம்மவர் பெயர்கள் அடிபட்டன. அதுவரை எந்தப் பதவியும் வகிக்காத விவேக் ராமசாமி ஐயோவாவில் 7.7 சதவீதம் பெற்று நான்காம் இடத்தோடு அன்றிரவே விலகினார். கமலா ஹாரிஸ் கதைதான் வினோதம். சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள், 2019 டிசம்பரில் ஒரு வாக்கும் பதிவாகும் முன்பே பிரைமரி ஓட்டத்திலிருந்து விலகியவர். 2024 ஜூலை 21 அன்று பைடன் ஒதுங்க, ஹாரிஸ் தன் பெயரில் ஒரு பிரைமரியிலும் ஓடாமல், பேராளர்கள் இணையவழியே அளித்த வாக்கில் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வேட்பாளரானார். ஹம்ப்ரிக்குப் பிறகு இந்த வழியில் வந்தவர் அவர் ஒருவரே. ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூசை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், எங்கள் வாக்கு இல்லாமல் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்வி அமெரிக்காவில் உரக்க எழுந்தது. 1860-இல் ஸ்பிரிங்பீல்டில் யாரிடம் இதைக் கேட்டிருந்தாலும் கேள்வியே புரிந்திருக்காது.